பழைய புல்லட்டைப் புதுப்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார்ப்பிரும்பு என்ஜின் கொண்ட பழைய என்ஃபீல்டு புல்லட் 350-ஐப் புதுப்பிக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். பட்டறை வாசலிலும் தொலைபேசியிலும் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்ட விதத்திலேயே இருக்கின்றன. சிலவற்றில் இருக்கும் எரிச்சலையும் நான் நீக்கவில்லை.

எல்லாப் புல்லட்டும் புல்லட்தானே, அதில் என்ன வார்ப்பிரும்பு என்று தனியாக ஒன்று?

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் உருவான அந்த 346 சிசி என்ஜின், 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) என்ற அடிப்படை மாறாமல் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தயாரிக்கப்பட்டது. ரெட்டிச் கம்பெனி மூடப்பட்ட பிறகும் சென்னையில் அதன் உற்பத்தி நிற்கவில்லை. சிலிண்டர் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். என்ஜினும் கியர் பெட்டியும் தனித்தனி. பழைய நான்கு கியர் வண்டிகளில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில்.

சந்தேகம் இருந்தால் ஒரு காந்தத்தை சிலிண்டரின் ஃபின்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வார்ப்பிரும்பு. பின்னாளில் அலுமினிய சிலிண்டரோடு வந்த என்ஜின்களுக்கும், என்ஜினும் கியரும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் யுசிஇ என்ஜின்களுக்கும் கீழே உள்ளவற்றில் பெயிண்ட் பற்றிய பதில்கள் பொருந்தும். என்ஜின் பற்றியவை பொருந்தாது.

வண்டி ஓடுகிறது. பெயிண்ட் மட்டும் அடித்தால் போதாதா?

போதும், உண்மையிலேயே நன்றாக ஓடினால். ஆனால் "ஓடுகிறது" என்று சொல்லிக் கொண்டுவரப்படும் வண்டிகளில் பாதிக்கு கியர் பெட்டியில் ஒழுகல், என்ஜினில் தட்டல் சத்தம், ஸ்டியரிங் கோன் செட்டில் ஆட்டம் ஏதாவது இருக்கும். புதுப் பெயிண்ட் அடித்த ஆறாவது மாதம் அந்த என்ஜினை இறக்க வேண்டி வரும். இறக்கும்போது ஸ்பேனர் வழுக்கி ஃபிரேமில் கீறும்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் காகிதங்கள், பிறகு என்ஜின், பிறகு தகர வேலை. அதன்பின் எல்லாவற்றையும் பெயிண்ட் இல்லாமல் ஒரு முறை பூட்டி ஓட்டிப் பார்ப்பது. கடைசியில்தான் பெயிண்ட். வெறும் உலோகத்தோடு பூட்டிப் பார்க்கும் கட்டத்தைத்தான் எல்லோரும் தாண்டிப் போக நினைக்கிறார்கள். புதிதாக வாங்கிய மட்கார்டின் துளை ஃபிரேமின் துளையோடு சேராது என்பது அப்போதுதான் தெரியும். பெயிண்ட் அடித்த பிறகு தெரிந்தால் அரம் வைத்து ராவ வேண்டியதுதான்.

மொத்தம் எவ்வளவு ஆகும், ஒரு தொகை சொல்லுங்கள்.

என்ஜினைத் திறக்காமல் தொகை சொல்பவரை நம்பாதீர்கள். பெயிண்ட், குரோம், டயர், சீட் இவற்றுக்கு விலை கேட்டு எழுதிவிடலாம். என்ஜினுக்குள் கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மீதிக் கணக்கு முழுவதும் மாறும். கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கை என்ஜினுக்கு ஒதுக்கிவிட்டு, மிஞ்சுவதில் பளபளப்பைப் பாருங்கள்.

கழற்றத் தொடங்குகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

கழற்றும் முன் படம் எடுங்கள். வயர் போகும் வழி, கேபிள் வளையும் பக்கம், வாஷர் இருக்கும் வரிசை எல்லாம் தெரியும்படி. போல்ட்டுகளை அவை இருந்த பாகத்தின் பெயர் எழுதிய பைகளில் தனித்தனியாகப் போடுங்கள். ஒரே டப்பாவில் கொட்டி வைத்த போல்ட்டுகளைப் பிரிக்கும் வேலை எனக்குப் பிடிக்காது, உங்களுக்கும் பிடிக்காது.

இதில் முக்கியமானது மரை. பழைய புல்லட்டுகளில் ஆங்கிலேயர் கால மரைகள் பல இருக்கின்றன: அங்குலத்துக்கு 26 சுற்றுள்ள சைக்கிள் மரை, விட்வொர்த், பிஎஸ்எஃப். அருகில் உள்ள கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் போல்ட் முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். "இறுகிவிட்டது" என்று மகிழ்ந்து மேலும் முறுக்கினால் அலுமினிய மரை பொடியாக வெளியே வரும். விட்வொர்த் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள். மில்லிமீட்டர் ஸ்பேனரால் சமாளித்தால் நட்டின் முனைகள் உருண்டுவிடும்.

வருடக்கணக்கில் நின்ற வண்டி. கிக்கர் கீழே இறங்கவே இல்லை. ஏறி மிதிக்கலாமா?

கூடாது. பிஸ்டன் ரிங்குகள் துருப்பிடித்து சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். ஏறி மிதித்தால் ரிங் உடையும், இல்லையென்றால் கிக்கரின் உள்பற்கள் போகும். பிளக்கைக் கழற்றி, டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து உள்ளே ஊற்றிச் சில நாட்கள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். விடுபட்டாலும் உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சிலிண்டரைக் கழற்றிப் பார்ப்பதுதான் முறை.

மெக்கானிக் "போர் அடிக்க வேண்டும்" என்கிறார். அவசியம்தானா, இல்லை பில் ஏற்றப் பார்க்கிறாரா?

போர் அடிப்பது என்றால் தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்குவது. அவசியமா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். சிலிண்டரின் மேல், நடு, கீழ் ஆகிய மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். மேல்பகுதியில் ரிங் நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே விரல் நகத்தை ஓட்டினால் ஒரு படி தட்டுப்படும். அந்தப் படி தெளிவாக இருந்தால் சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. வெறும் ரிங் மாற்றுவது பணத்துக்குக் கேடு.

போர் அடிப்பதற்கு முன்பே பிஸ்டனை வாங்கி லேத் பட்டறைக்குக் கொண்டு போங்கள். எண்ணைச் சொல்லி போர் அடிக்கச் சொல்லாமல், அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கேற்ற இடைவெளி விடச் சொல்லுங்கள். மேலும் பெரிதாக்க முடியாத ஓவர்சைஸ் எல்லை வந்துவிட்டால் ஸ்லீவ் என்ற உள்ளுறை போட்டு மீண்டும் ஸ்டாண்டர்டு அளவுக்குக் கொண்டுவரலாம். வார்ப்பிரும்பில் உள்ள பெரிய வசதியே அதுதான்.

அதே நேரத்தில் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது நகர்வது இயல்பு. மேலும் கீழும் ஆட்டம் இருந்தால் கிராங்கைப் பிரிக்க வேண்டும். பழைய புல்லட்டில் அந்த ராடின் பெரிய முனையில், கிராங்கோடு சேரும் இடத்தில், இருப்பது மிதக்கும் புஷ். பலரும் இப்போது ரோலர் பேரிங்குக்கு மாறிவிட்டார்கள். இரண்டுமே ஓடும். எண்ணெய் சரியாகப் போகாவிட்டால் இரண்டுமே போகும்.

எண்ணெய் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மீட்டரில் விளக்கே இல்லையே.

விளக்கு இல்லைதான், அதனால்தான் கையால் பார்க்கிறோம். இந்த என்ஜினில் இரண்டு ஆயில் பம்ப்புகள்: ஒன்று எண்ணெயைக் கொடுப்பது, மற்றது திருப்பி எடுப்பது. இரண்டையும் டைமிங் பக்கத்து வார்ம் கியர் சுற்றுகிறது. அதைப் பிடித்திருக்கும் நட்டுக்கு இடது மரை. இது தெரியாமல் வழக்கமான திசையில் திருகி உடைத்தவர்கள் பலர்.

ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, ஹெட்டுக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் பேஞ்சோ போல்ட்டை (எண்ணெய் கடக்கத் துளையுள்ள போல்ட்) சற்றே தளர்த்துங்கள். எண்ணெய் கசிந்து வர வேண்டும். வராவிட்டால் என்ஜினை உடனே நிறுத்துங்கள். பம்ப் மூடியின் உட்புறம் தேய்ந்திருந்தால் கண்ணாடித் தட்டில் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, எட்டு எழுதுவதுபோல் தேய்த்துச் சமப்படுத்தலாம். பேஸ்ட்டை முழுக்கக் கழுவ வேண்டும். மிஞ்சிய துகள் நேராக கிராங்குக்குத்தான் போகும்.

ஒரு மாதம் நிறுத்திவிட்டு எடுத்தால் தெருவே மறையும் அளவுக்குப் புகை. இப்போதுதானே போர் அடித்தேன்!

போருக்கும் இதற்கும் சம்பந்தமில்லாமல் இருக்கலாம். நிற்கும்போது எண்ணெய் பம்ப் வழியாக மெல்ல இறங்கி கிராங்க் இருக்கும் பகுதியில் தேங்கும். எடுத்ததும் அது எரிந்து புகையாகும். சில நிமிடங்களில் திரும்பும் பம்ப் அதை இழுத்துக்கொண்டு புகை நின்றுவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. நெடுநாள் நின்ற வண்டியாக இருந்தால் அடியில் உள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றித் தேங்கியதை வடித்துவிட்டு எடுங்கள். ஓடி சூடான பிறகும் நீலப்புகை நிற்கவில்லை என்றால் முந்தைய இரண்டு பதில்களுக்குத் திரும்புங்கள்.

டேப்பட் எத்தனை தௌ வைக்க வேண்டும்?

பூஜ்ஜியம். வால்வுக்கு விடும் இடைவெளியைத்தான் டேப்பட் என்கிறார்கள்; தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்க வேண்டும். சிலிண்டரின் வலப்பக்கத்துச் சிறு மூடியைத் திறந்தால் வால்வுகளை இயக்கும் இரண்டு புஷ்ராடுகள் தெரியும். விரல்களால் ராடைச் சுற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலே தூக்கினால் ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. லாக் நட்டை இறுக்கியதும் அமைப்பு கொஞ்சம் மாறும். ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி சுற்றிப் பாருங்கள். பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் பிளாட்டினம் பாயிண்ட்டுக்கு மட்டும் இடைவெளி உண்டு: 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்.

டேங்க் உள்ளே முழுக்கத் துரு. வெல்டரிடம் வெட்டித் திறக்கச் சொல்லலாமா?

வேண்டவே வேண்டாம். பல வருடங்களாகக் காலியாகக் கிடக்கும் டேங்க்கிலும் பெட்ரோல் ஆவி இருக்கும். வெல்டிங் தீப்பொறி பட்டால் வெடிக்கும், ஆள் போவார். ஓட்டை அடைக்க வெல்டிங் தேவைப்பட்டால், டேங்க்கைக் கழுவி ஆவி நீக்கிச் செய்யத் தெரிந்த, அதையே தொழிலாகக் கொண்டவரிடம் மட்டும் கொடுங்கள்.

துருவுக்கு வெட்ட வேண்டியதே இல்லை. ஒரு கைப்பிடி அளவு நட்டுகளையோ துண்டுச் சங்கிலியையோ உள்ளே போட்டுக் குலுக்கிப் பெரிய செதில்களை உதிர்த்துவிட்டு, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியை நிரப்பி ஊற விடுங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அமிலத்தை முறித்து, உடனே காய வைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சுற்றிவிடுங்கள். நேரம் கடத்தினால் அன்றைக்கே மறுபடி செந்நிறம் படியும். இதையெல்லாம் பெயிண்டுக்கு முன்பே செய்ய வேண்டும். அமிலம் ஒரு சொட்டு புதுப் பெயிண்டில் பட்டால் தடம் போகாது.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை உப்ப வைக்கும். பெட்ரோல் குழாய், பெட்ரோல் டேப்பின் வாஷர், கார்புரேட்டரின் ஓரிங் எல்லாவற்றையும் புதிதாக, எத்தனால் தாங்கும் ரகமாகப் போடுங்கள். டேங்க்கின் உள்ளே சீலர் பூசுவதானால் அதுவும் எத்தனால் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்க வேண்டும். தாங்காத சீலர் தோல் உரிவதுபோல் உரிந்து வந்து கார்புரேட்டரை அடைக்கும்.

பவுடர் கோட்டிங் நல்லதா, பெயிண்ட் நல்லதா?

ஃபிரேம், ஸ்டாண்டு, ஸ்விங் ஆர்ம் போன்ற அடி பாகங்களுக்குப் பவுடர் கோட்டிங். டேங்க், டூல் பாக்ஸ், மட்கார்டுக்குப் பெயிண்ட். இதுவே என் தேர்வு. பவுடரை 180 முதல் 200 டிகிரி வரை அடுப்பில் சுட்டுப் படிய வைக்கிறார்கள். கல் தெறித்தாலும் தாங்கும். ஆனால் அந்தச் சூட்டில் பள்ளம் நிரப்பப் பூசும் சாதாரண பட்டி நிற்காது, ஈயப் பற்றாசும் உருகும். பள்ளம் நிரப்பிய டேங்க்கை அங்கே கொடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

கொடுக்கும்போது பேரிங் உட்காரும் இடங்கள், மரைகள், எர்த் வயர் பிடிக்கும் புள்ளி எல்லாவற்றையும் அடைத்துவிட்டுக் கொடுங்கள். "அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டால் ஒவ்வொரு மரையையும் மரை வெட்டும் டேப் போட்டு மறுபடி வெட்ட வேண்டி வரும். ஹேண்டில்பார் தண்டு பொருந்தும் ஹெட்ஸ்டாக்கில் உள்ள சேஸிஸ் எண்ணும் அந்தத் தடிமனான பூச்சில் மூழ்கக் கூடாது. அது ஏன் என்பதைக் காகிதம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

டிங்கர் டேங்க் முழுக்கப் பட்டி பூசி வைத்திருக்கிறார். இது சரியா?

தட்டி நிமிர்த்தத் தெரியாதவர், அல்லது நேரமில்லாதவர், பட்டியால் நிரப்புவார். நல்ல டிங்கர் தகரத்தை முடிந்தவரை தட்டிச் சமமாக்கி, கடைசியில் மெல்லிய படலமாகத்தான் பட்டி வைப்பார். கனமாக வைத்த பட்டி என்ஜின் அதிர்விலும் வெயிலிலும் வெடிக்கும். புல்லட்டின் அதிர்வைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. காந்தத்தைத் துணியில் சுற்றி டேங்க் மேல் நகர்த்திப் பாருங்கள். பிடி விடும் இடமெல்லாம் பட்டி.

பட்டி வெறும் துரு மேல் ஏறினால் எத்தனை கோட் அடித்தாலும் வீண். பழைய பெயிண்டை முழுக்க நீக்கி, உலோகத்தைக் காட்டி, அன்றே பிரைமர் அடிக்க வேண்டும். வெறும் கையால் தொட்டாலே வியர்வைத் தடம் விழுந்து அங்கே துரு தொடங்கும்.

நானே வீட்டில் அடிக்கலாமா? மொட்டை மாடி இருக்கிறது.

சிறிய பாகங்களுக்கு அடிக்கலாம். மொட்டை மாடியில் காற்றும் தூசியும் பூச்சியும் இருக்கும்; அதை விட, வாசலைத் தண்ணீர் தெளித்து நனைத்த ஷெட் நல்லது. காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடித்தால் தின்னர் வேகமாக ஆவியாகி, மேற்பரப்பு குளிர்ந்து, ஈரம் படிந்து பால்போல் வெளுக்கும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் டேங்க் வேலையைத் தள்ளிப் போடுவது புத்திசாலித்தனம்.

நீண்ட நாள் பளபளப்பு வேண்டும் என்றால் ஹார்டனர் கலக்கும் பியு (பாலியூரித்தேன்) பெயிண்டும் அதன் மேல் கிளியர் கோட்டும்தான். பெட்ரோல் சிந்தினாலும் தாங்கும். ஆனால் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமாவைக் கொண்டுவரும். கைக்குட்டையும் துணி முகக்கவசமும் இதற்குப் பயன்படாது. அதற்கான சுவாசக் கருவி இல்லாதவர்கள் பியு வேலையைப் பூத் வைத்திருக்கும் பெயிண்டரிடம் விட்டுவிடுங்கள். பிரைமரைத் தேய்ப்பது, 400-லிருந்து 800 வரை வாட்டர் பேப்பர் போடுவது போன்ற பொறுமை வேலைகளை நீங்கள் செய்யலாம். பெயிண்டின் அழகில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

டேங்க்கில் உள்ள தங்கக் கோட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டினால் என்ன?

ஒட்டலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் சென்னை ஆலையில் புல்லட் டேங்க்குகளுக்குக் கோடுகள் கையால்தான் வரையப்பட்டன. அளவுகோல் இல்லை, ஒட்டும் டேப் இல்லை. நீளமான மயிர் கொண்ட மெல்லிய தூரிகையில் பெயிண்டை ஏற்றி, சுண்டுவிரலை டேங்க்கில் ஊன்றி, ஒரே இழுப்பில் வளைவைச் சுற்றி வருவார்கள். உற்றுப் பார்த்தால் கோடு தொடங்கும் இடம் ஒரு மயிரிழை தடிமனாகவும் முடியும் இடம் மெலிந்தும் இருக்கும். ஸ்டிக்கரில் இந்த உயிர் வராது.

ஊரில் பெயர்ப்பலகை எழுதிய பழைய ஓவியர் யாராவது இருந்தால் அவரைக் கேளுங்கள். ஃபிளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்திருந்தாலும் கைப்பழக்கம் போகாது. பேஸ் கோட்டுக்கும் கிளியர் கோட்டுக்கும் நடுவில் வரையச் சொல்லுங்கள். தவறினால் ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடலாம். பழைய கோடு இன்னும் இருந்தால், பெயிண்டை நீக்கும் முன் டிரேசிங் தாளில் அதன் அகலத்தையும் வளைவையும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

என்ஜினுக்கும் சில்வர் பெயிண்ட் அடித்தால் புதிதுபோல் இருக்குமே?

இரண்டு மாதம் இருக்கும். அலுமினியக் கேஸிங்குகள் பெயிண்டுக்கானவை அல்ல, பஃபிங்குக்கானவை. எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, வாட்டர் பேப்பர் போட்டு, பஃப் சக்கரத்தில் கொடுத்தால் பழைய பொலிவு திரும்பும். மணல் பிளாஸ்டிங் கூடாது. எண்ணெய் வழிகளுக்குள் மணல் போனால் முழுதாக எடுக்கவே முடியாது.

வார்ப்பிரும்பு சிலிண்டருக்கு மட்டும் சூடு தாங்கும் கறுப்பு பெயிண்ட் அவசியம், இல்லையென்றால் துருப்பிடிக்கும். மெல்லிய இரண்டு கோட் போதும். ஃபின்களுக்கு நடுவே கனமாக அப்பினால் சூடு வெளியேறுவது தடைப்படும். ஹெட்டும் கேஸிங்கும் சேரும் முகங்களில் பெயிண்ட் படக் கூடாது.

புது மட்கார்டு வாங்குவதா, பழையதுக்கே குரோம் போடுவதா?

தகரம் கனமாக இருந்தால் பழையதே. சந்தையில் கிடைக்கும் பல மாற்றுகள் மெல்லியவை. பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டையும், புதியவற்றுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த இடங்கள்தாம். வாங்கும்போது உங்கள் பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போய் ஒப்பிடுங்கள். முலாம் போடுபவரிடம் குரோமுக்கு அடியில் நிக்கல் உண்டா என்று கேளுங்கள். துருவைத் தடுப்பது அந்த நிக்கல் படலம்தான்.

நிறத்தை மாற்ற நினைக்கிறேன். ராணுவப் பச்சை எப்படி?

ராணுவத்தின் ஆலிவ் பச்சை கூடாது. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ம் விதி, பாதுகாப்புத் துறை வாகனங்களைத் தவிர வேறு எதற்கும் அந்த நிறத்தை அனுமதிப்பதில்லை. ராணுவ ஏலத்தில் வாங்கிய வண்டியாக இருந்தாலும், இப்போது அது தனியாருடையது. நிறத்தை மாற்றியாக வேண்டும்.

மற்ற நிறங்களுக்குத் தடை இல்லை. ஆர்சியில் நிறம் பதிவாகியிருப்பதால், மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பதிவைத் திருத்துங்கள். என் விருப்பம் கேட்டால், ஆர்சியில் உள்ள நிறத்தையே அடியுங்கள். ஹெட்லைட் கூட்டின் உட்புறத்திலும் டூல் பாக்ஸ் மூடியின் பின்னாலும் வெயில் படாத அசல் நிறம் மிச்சம் இருக்கும். பெயிண்ட் கடையில் அதைக் காட்டிக் கலக்கச் சொல்லலாம்.

சேஸிஸ் எண் துருவில் மங்கிவிட்டது. மறுபடி வெட்டிக்கொள்ளலாமா?

நீங்களாக வெட்டினால் அது குற்றம். திருட்டு வண்டி என்ற சந்தேகமும் உங்கள் தலையில் விழும். எண்ணுள்ள இடத்தில் கிரைண்டர், பிளாஸ்டிங், பட்டி எதுவும் வேண்டாம். பித்தளை பிரஷால் மெதுவாகத் தேய்த்து, துரு நீக்கி தடவிப் படியுங்கள். படிக்கவே முடியாவிட்டால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் மூலமாகத்தான் தீர்வு.

ஆர்சியே இல்லாத வண்டியை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வாங்காதீர்கள். என்ஜின் எண் ஆர்சியோடு ஒத்துப்போகாத வண்டியும் அப்படியே. மேலே காகிதங்களை முதலில் வைத்ததன் காரணம் இதுதான்: முழுக்க முடித்த அழகான வண்டியைச் சாலையில் எடுக்க முடியாமல் கூடத்தில் நிறுத்தியிருப்பவர்களை எனக்குத் தெரியும்.

என் வண்டி 1960-களில் வந்தது. விண்டேஜ் பதிவு வாங்கிவிடட்டுமா?

அவசரப்பட வேண்டாம். 2021-ல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத இருசக்கர வாகனங்களுக்கு விஏ என்ற எழுத்துகளுடன் தனிப் பதிவு எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். பதிவு 10 ஆண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினமும் கடைக்கும் அலுவலகத்துக்கும் ஓட்ட நினைப்பவர்கள், வழக்கமான பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே போவதுதான் நல்லது.

எல்லாம் முடிந்தது. ஒரு வாரத்தில் புதுக் குரோம் சைலன்சர் பைப் நீலமாகிவிட்டது. முலாம் போட்டவரைப் பிடிக்கலாமா?

அவர் மேல் தவறு இருக்க வாய்ப்பு குறைவு. பைப் அளவுக்கு மீறிச் சூடானால் குரோம் நீலமாகும். இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருப்பது, பெட்ரோல் கலவை மெலிந்திருப்பது, கார்புரேட்டர் சேரும் இடத்தில் காற்று புகுவது ஆகியவை வழக்கமான காரணங்கள். பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் முதலில் டேப்பட் கேள்வியில் சொன்ன இடைவெளியைச் சரிபாருங்கள். பிறகு டைமிங், கடைசியில் கார்புரேட்டர்.

போர் அடித்த என்ஜின் முதல் 500 கிலோமீட்டருக்கு இயல்பாகவே கூடுதலாகச் சூடாகும். அதுவரை 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல், ஒரே வேகத்திலும் நெடுநேரம் பிடிக்காமல், மேட்டில் டாப் கியரில் திணற விடாமல் ஓட்டுங்கள். முதல் எண்ணெயைச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள். வடித்த எண்ணெயில் மினுமினுப்பு தெரிந்தால் ஃபெல்ட் ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள். ஏற்கெனவே படிந்த நீலத்தைக் குரோம் பாலிஷ் ஓரளவு குறைக்கும். காரணத்தைச் சரிசெய்த பிறகு பாலிஷ் போடுங்கள், முன்பாகப் போட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போட வேண்டியிருக்கும்.